பொருளைத் தேடும் சட்டம், அலைவழி வரும் தாக்குதல்

2007 ஏப்ரலில், இன்டெல்சாட்-12 செயற்கைக்கோளில் காலியாக இருந்த டிரான்ஸ்பாண்டர் ஒன்றின் வழியே விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சி அனுமதியின்றி ஒளிபரப்பாகிறது என்று இலங்கை அரசு முறையிட்டது. புலிகள் குற்றச்சாட்டை மறுத்தனர். தான் இசைவு தரவில்லை என்ற இன்டெல்சாட், அம்மாதமே அதை நிறுத்தியது. வழக்கு எதுவும் எழவில்லை. எழுந்திருந்தால் எந்த நாட்டின் மீது எழுந்திருக்கும்?

இதை இணையத் தாக்குதல் எனலாமா என்று சிலர் தயங்கக்கூடும். கடவுச்சொல் எதுவும் உடைக்கப்படவில்லை. பழைய வகை டிரான்ஸ்பாண்டர், உரிய அலைவரிசையில் வருவதை வாங்கிப் பெருக்கி, வேறு அலைவரிசையில் தரைக்குத் திருப்பும். அனுப்பியவர் யார் என்று கேட்காது. பிறர் அமைப்பை அவர் இசைவின்றி ஏவல் கொள்வதே இத்தகைய தாக்குதலின் சாரம் என்றால், இதுவும் அதில் அடங்கும்.

1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, ஆறாம் பிரிவில், அரசு சாரா அமைப்புகளின் விண்வெளிச் செயல்களுக்கும் உரிய நாடே பொறுப்பு என்கிறது. அச்செயல்களுக்கு அந்நாடு அனுமதி தந்து தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தன்னை எதிர்த்துப் போரிடும் இயக்கத்துக்கு எந்த அரசு அனுமதி தரும், எப்படிக் கண்காணிக்கும்? பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001-இல் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகளின் பத்தாம் பிரிவு, வென்று ஆட்சியமைக்கும் கிளர்ச்சி இயக்கத்தின் செயல்களையே அந்நாட்டின் மேல் ஏற்றுகிறது. புலிகள் 2009-இல் தோற்றார்கள். எனவே அந்த ஒளிபரப்புக்கு விடை சொல்லக்கூடிய நாடு இல்லை.

இழப்பீட்டு வழியும் அடைபட்டதே. 1972-ஆம் ஆண்டின் பொறுப்புடைமை உடன்படிக்கை கணக்கில் எடுப்பது உயிரிழப்பு, உடல்நலக் கேடு, சொத்துச் சேதம். அதுவும் விண்பொருளால் விளைந்ததாக இருக்க வேண்டும். ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டு மொட்டை மாடி டிஷ்ஷில் படம் மறைந்தால் அது இவற்றுள் எதிலும் சேராது. சேதம் மெய்யாகவே நேர்ந்த இடத்திலோ நிலைமை இன்னும் விந்தையானது. 2022 பிப்ரவரி 24-இல், உக்ரைன் படையெடுப்பு தொடங்கிய நாளன்று, வியாசாட் நிறுவனத்தின் கே.ஏ.-சாட் வலையமைப்பு தாக்கப்பட்டுப் பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன. ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அற்றுப்போனது. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. மோடம்களைச் சொத்து என்று கொண்டு, கேடு செயற்கைக்கோள் வழியாக வந்தது என்றும் வாதிட்டால், உடன்படிக்கை தாக்கியவரைத் தேடாது. ஏவிய நாட்டைத் தேடும். கே.ஏ.-சாட் 2010 டிசம்பரில் பைக்கனூரிலிருந்து ரஷ்ய புரோட்டான் ராக்கெட்டில் ஏறியது. ஆக, ரஷ்யாவோடு, ஏவுதளம் அமைந்த மண்ணுக்கு உரிய கஜகஸ்தானும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும்! ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதம் ரஷ்யாவைக் குற்றஞ்சாட்டியது தாக்கியவர் என்ற முறையில். ஏவியவர் என்ற முறையில் அல்ல. இரண்டும் ஒரே பெயரில் வந்து நின்றது தற்செயல்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம், 45-ஆம் பிரிவில், பிறர் அலைவரிசைக்கு ஊறு செய்யும் குறுக்கீட்டைத் தடுக்கிறது. அங்கும் பேசுவோர் அரசுகளே. தண்டிக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கு இல்லை.

எனவே புதிய உடன்படிக்கைக்காகக் காத்திருப்பதைவிட, விண்வெளி உடன்படிக்கையின் எட்டாம் பிரிவைக் கையிலெடுப்பதே பயன் தரும் என்பது என் வாதம். விண்பொருள் எந்த நாட்டின் பதிவேட்டில் உள்ளதோ அந்த நாட்டின் சட்ட அதிகாரம் சுற்றுப்பாதையிலும் அதன்மேல் தொடரும் என்கிறது அப்பிரிவு. இந்தியாவுக்கு அந்த அதிகாரம் உண்டு. அதைச் செலுத்தும் சொல்தான் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 75-ஆம் பிரிவில், வெளிநாட்டிலிருந்து செய்யும் குற்றத்தையும் பிடிக்கிறது. ஆனால் தொடர்புடைய கணினியோ வலையமைப்போ 'இந்தியாவில் அமைந்திருக்க' வேண்டும். ஹாசனிலுள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு நிலையக் கணினிக்குள் புகுந்தவர் அதில் அகப்படுவார். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இந்திய டிரான்ஸ்பாண்டருக்கு வேற்று நாட்டிலிருந்து நேரே அலை ஏற்றுபவர், ஹாசனைத் தொடாமலே, நழுவிவிடுவார். 'இந்தியப் பதிவேட்டிலுள்ள விண்பொருளில் அமைந்த கணினி' என்ற சொற்களை 75-ஆம் பிரிவில் சேர்க்க நாடாளுமன்றத்தின் ஒரு திருத்தம் போதும். அதற்கு வேறு எந்த நாட்டின் கையெழுத்தும் வேண்டியதில்லை.