மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தக் கட்டணத் தணிக்கை

மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தக் கட்டணத் தணிக்கை என்பது, ஒரு சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட கட்டணத்தையும் அது மருத்துவமனைக்கு உண்மையில் செலுத்திய தொகையையும் பில் வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கியல் முறையாகும்.

தேவை

முற்றிலும் மறுக்கப்பட்ட கோரிக்கை உடனே கண்ணில் படும். குறைத்துச் செலுத்தப்பட்ட கோரிக்கை அவ்வாறு படுவதில்லை. பணம் வந்துவிட்டதால் கணக்கு முடிந்ததாகவே பதிவாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனையின் விலைப்பட்டியல் பொதுவாக ஒப்பந்தக் கட்டணத்தைவிட மிக அதிகம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, கட்டண விவர அறிக்கையில் 45 என்ற காரணக் குறியீட்டின் கீழ்த் தள்ளுபடி செய்யப்படுகிறது. காப்பீட்டு நிறுவனம் பழைய கட்டண அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தால் அக்குறைவும் இதே எண்ணுக்குள் மறைந்துவிடும். எனவே அறிக்கையை மட்டும் பார்த்து அதைக் கண்டறிய இயலாது. ஒப்பந்தத்தையே எடுத்துப் பார்க்க வேண்டும். சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களிலுள்ள மருத்துவப் பில்லிங் நிறுவனங்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இப்பணியைச் செய்கின்றன.

பிழை எப்போதும் காப்பீட்டாளருடையதன்று. ஒப்பந்தக் கட்டணம், பில் தொகை ஆகியவற்றுள் குறைந்ததையே செலுத்துவதாகப் பல ஒப்பந்தங்கள் கூறும். மருத்துவமனை தன் விலைப்பட்டியலைத் திருத்த மறந்தால் இழப்பு அதனுடையதே.

தமிழ்நாட்டில்

2009 சூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 சனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. பின்னது 2018 இல் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால் ஒப்பீடு எளிது. ஆயினும் மூலத்தில் பிடிக்கப்படும் வருமான வரியைக் கணக்கில் கொள்ள வேண்டும். காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிறுவனங்கள் மருத்துவமனைகளுக்குச் செலுத்தும் தொகையில் இவ்வரியைப் பிடிக்க வேண்டும் என நேரடி வரிகள் வாரியம் 2009 இல் சுற்றறிக்கை வெளியிட்டது.

எடுத்துக்காட்டாக, தொகுப்புக் கட்டணம் 40,000 ரூபாய், வரிப் பிடித்தம் 10 விழுக்காடு எனில் வங்கிக்கு 36,000 ரூபாய் வர வேண்டும். 33,000 ரூபாய் வந்திருப்பின் குறைவு 3,000 ரூபாயே, 7,000 அன்று. பிடிக்கப்பட்ட 4,000 ரூபாய் மருத்துவமனையின் வரிக் கணக்கில் வரவாகும்.

நோயாளியின் நிலை

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து, அரசுத் திட்ட அட்டையுடன் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்தினர் இக்கணக்கைக் காண்பதில்லை. தொகுப்பில் அடங்கிய சிகிச்சைக்கு அவர்களிடம் பணம் பெறக் கூடாது என்பது திட்ட விதி. காப்பீட்டாளரிடம் கேட்டுப் பெறப்படாத குறைவை மருத்துவமனை நோயாளியிடம் வாங்க முற்பட்டால் அது விதிமீறலாகும்.

எதிர்த்திசைத் தணிக்கை

பணம் செலுத்துவோர் தரப்பிலும் தணிக்கை உண்டு. ஆயுஷ்மான் பாரத் பற்றிய இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை, இறந்ததாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் பின்னரும் சிகிச்சைத் தொகை வழங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது.