கண் பேசும் பாஷை: மயிலாப்பூரிலிருந்து முலுண்ட் வரை

முலுண்டில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டால் போதும், அரங்கேற்ற அழைப்பிதழ்கள் வீடு தேடி வர ஆரம்பித்துவிடும். அப்படி ஒன்றுக்குப் போயிருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த மாமி, "கொழந்தைக்குக் கண்ணே பேசறது பாருங்கோ, எங்கே கத்துண்டாளோ!" என்று ஆச்சரியப்பட்டார். கேள்வி சாதாரணமானதுதான். பதில் அவ்வளவு சாதாரணமாக இல்லை.

சாஸ்திரத்தில் இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். நாட்ய சாஸ்திரம் 36 வகைப் பார்வைகளைச் சொல்கிறது. அபிநய தர்ப்பணம் எட்டோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த எட்டையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் விளையாடப் போன கண்ணனைக் காணோமே என்று வாசலைப் பார்க்கும் யசோதைக்கும், நாயகனைக் காணோமே என்று அதே வாசலைப் பார்க்கும் நாயகிக்கும் பார்வை ஒன்றாகுமா? அது பட்டியலில் கிடைக்காது. கேரளத்துக் கூடியாட்டத்தில் விடியற்காலையில் கண்ணில் நெய் விட்டுக்கொண்டு விழிகளைச் சுழற்றிப் பழகுவார்கள். மாணி மாதவ சாக்கியார் (1899–1990) அந்த நேத்ராபிநயத்தின் சிகரம். நம் பக்கத்தில் வழி வேறு. உட்கார்ந்து பதத்தைப் பாடி, அர்த்தம் மனசில் ஊறி, அதுவாகக் கண்ணுக்கு வர வேண்டும்.

அப்படிக் கற்றுக்கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள் (1892–1971). கபாலீஸ்வரர் கோயிலில் நாட்டியக் கைங்கர்யம் செய்து வந்தவர். 1932-ல் சென்னை மியூஸிக் அகாடமியில் ஆடினார். நம் வீட்டுப் பெண்கள் சதிர் ஆடுவதை நினைத்தே பார்க்க முடியாத காலம் அது. அந்தக் கலை அழியக் கூடாது என்று வக்கீல் இ. கிருஷ்ணய்யர் தாமே பெண் வேஷம் கட்டி ஆடிக் காட்டினார். ருக்மிணி தேவி, பாலசரஸ்வதி இருவருமே கௌரி அம்மாளிடம் கற்றவர்கள். 1947-ஆம் வருஷத்துச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்தது. அது வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கலையே ஜீவனமாக இருந்தவர்களுக்கு மாற்று வழி என்ன என்று கேட்டவர்கள் சொற்பம். கௌரி அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது.

அவரிடம் அபிநயம் கற்ற ஒரு பிராமணப் பெண்தான் கலாநிதி நாராயணன் (1928–2016). பதினாறு வயதோடு சலங்கையைக் கழற்றி வைத்தார். பிறகு கல்யாணம், குடித்தனம், குழந்தைகள் என்று ஏறத்தாழ முப்பது வருஷம் நாட்டியமே கிடையாது. 1973-ல் கலாரசிகர் ஒய்.ஜி. துரைசாமி வற்புறுத்தியதால், இளம் அலர்மேல் வள்ளிக்கு அபிநயம் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்தார். கௌரி அம்மாள் காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முப்பது வருஷம் உள்ளேயே கிடந்த பதங்கள் மறக்கவில்லை. 1985-ல் பத்மபூஷண் வந்தது. எல்லோருக்கும் அவர் 'கலாநிதி மாமி'தான்.

நம்மூருக்கு வருவோம். மாதுங்காவில் 1945-ல் தொடங்கிய ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர், திருவிடைமருதூர் குப்பையா பிள்ளை குடும்பத்தாருடையது. முலுண்டிலிருந்து ரயிலேறிப் போய், தாதருக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கினால் மாதுங்கா. அந்தக் குடும்பத்துக் கல்யாணசுந்தரம் பிள்ளையிடம் ஏழு வயதில் ஆரம்பித்தவர் மாளவிகா சருக்கை. பிறகு அபிநயத்துக்கு அவர் போய்ச் சேர்ந்த இடம் கலாநிதி மாமி. மும்பையில் போட்ட அடவுக்கு மயிலாப்பூர்க் கண் வந்து சேர்ந்த கதை இது.

இடைவேளையில் பக்கத்து மாமியிடம் இதைக் கொஞ்சம் சொன்னேன். கையிலிருந்த அழைப்பிதழைத் திருப்பிப் பார்த்தார். குரு, பக்கவாத்தியம், ஒப்பனை, கேட்டரிங் வரை எல்லோர் பெயரும் இருந்தது. "கௌரி அம்மாள்னு போடலையே" என்றார்.