உடனடிப் புகைப்படமும் ஊவாத் தோட்ட மக்களும் – ஒரு வரலாற்று நோக்கு

படம் பிடித்தற்கும் அதனைக் காண்டற்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைக்கும் முயற்சி புகைப்படக் கலையின் வரலாறு நெடுகிலும் காணப்படுகின்றது. அம்முயற்சியின் உச்சமாக விளங்கியது உடனடிப் பிலிமாகும். எனினும், ஒரு படத்தின் பயனை விரைவு ஒன்றைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. அது யார் கையிற் சேர்கின்றது, எத்தனை பிரதிகள் பெறலாம், எத்துணைக் காலம் நிலைக்கும் என்பனவும் நோக்கற்பாலன. பதுளைக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களின் மக்கள் வரலாற்றோடு இணைத்து நோக்குங்கால் இவ்வினாக்களின் கனதி புலனாகும்.

1943 ஆம் ஆண்டில் தம் சிறு மகள், எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என வினவியதே தமது ஆய்வின் தொடக்கம் என்பார் அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லாண்ட். அவர் 1947 பெப்ரவரி 21 இல் நியூயோர்க்கில் தம் கண்டுபிடிப்பைச் செய்து காட்டினார். 1948 நவம்பரில் போலரோயிட் கமரா பொஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. படத்தோடு ஒட்டிய சிறு பையிலுள்ள வேதிப் பசை, இரு உருளைகளின் அழுத்தத்தாற் பரவி உருவினைத் தோற்றுவிக்கும். இருட்டறை வேண்டுவதில்லை. 1972 இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்-70 கமராவிலோ, வெளிப்பட்ட வண்ணப்படம் காண்போர் கண்முன்னே தெளிந்து வந்தது.

படத்திலுள்ளவரே அதனை அவ்விடத்திற் கையிற் பெறலாம் என்பதே இதன் தலையாய கவர்ச்சி எனலாம். இதன் பெறுமதியை மலையக மக்களின் முன்னைய அனுபவம் உணர்த்துகின்றது. 1890 இல் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பிளாட்டே முதலிய நிறுவனங்கள் தோட்டக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக விற்றன. கொழுந்து பறிக்கும் பெண்களின் முகங்கள், பெரும்பாலும் பெயரின்றி, கடல் கடந்து சென்றன. அம்முகங்களுக்கு உரியோர் அவ்வட்டைகளைக் கண்டனரா என்பது ஐயமே. எடுத்தவர் கையிலிருந்து எடுக்கப்பட்டவர் கைக்குப் படம் உடனே மாறுவது அவ்வகையிற் சிறிய புரட்சியெனின் மிகையாகாது.

ஆயினும், பெரும்பாலான உடனடிப் பிலிம்களில் மீண்டும் அச்சிடத்தக்க நெகட்டிவ் இல்லை. கிடைப்பது ஒரே படம். இக்குறையின் ஆழத்தை உணர மலையகத்தின் குடியுரிமை வரலாற்றை நோக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் வாழ்ந்த உற்றார் இரு நாட்டவராயினர். தலைமன்னாரிற் கப்பலேறியோர் ஒரு கரையிலும், எஞ்சியோர் மறு கரையிலும் நின்றனர். அத்தகைய குடும்பத்திற்கு ஒரு படம் போதாது; இரு பிரதிகள் வேண்டும். நகரத்து ஸ்டூடியோவின் நெகட்டிவ் அதனைத் தரவல்லது. உடனடிப் பிலிம் தரவல்லதன்று.

வேறு குறைகளும் உள. எஸ்.எக்ஸ்-70 பிலிம் பொதியொன்றிற் பத்துப் படங்களே இருந்தன. அவை தீர்ந்தால் புதுப் பொதி வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970–1977 காலப்பகுதியில் இத்தகைய பொருள் தோட்டத் தொழிலாளர்க்கு எட்டாக்கனியே. குளிரில் வேதிவினை மந்தமடைந்து படம் வெளிறும் இயல்பும் மலைநாட்டின் பனிக்காலைக்குப் பொருந்துவதன்று.

பிரதியின்மையென்ற குறை ஓரிடத்தில் மட்டும் விரைந்து தீர்க்கப்பட்டது. கடவுச்சீட்டுப் படங்களுக்கென அமைந்த பல வில்லைக் கமராக்கள் ஒரே தருணத்தில் இரண்டோ நான்கோ படங்களை ஈந்தன. தென்னாபிரிக்காவிலே கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிப் புத்தகங்களுக்கும் போலரோயிட் பிலிம் பயன்பட்டது. 1970 இல் அந்நிறுவனத்தின் ஊழியர்களான கரோலைன் ஹண்டரும் கென் வில்லியம்சும் இதனை எதிர்த்து இயக்கம் தொடங்கினர். 1977 இல் நிறுவனம் அங்கு விற்பனையை நிறுத்தியது. அலுவலகத்திற்குப் பிரதிகள் கிட்டின; குடும்பத்திற்குக் கிட்டவில்லை என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

போலரோயிட் நிறுவனம் 2001 இல் வங்குரோத்தடைந்தது. 2008 இல் பிலிம் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையைக் காத்த ஒரு குழுவினர் 2010 முதல் புதுப் பிலிமை விற்றனர். இன்று இளைஞர் அதனை விரும்பிக் கொள்வதற்கு, படம் ஒன்றேயாக இருப்பதே காரணம் என்பர். இழப்பதற்கு அஞ்ச வேண்டாதவர்க்கு ஒருமை அழகாகும். தலைமன்னார்க் கப்பற் சேவை 1984 இல் நின்றது. நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. இவ்விடைக்காலப் பிரிவுகளின் சான்றுகளாய், லயக் காம்பராக்களின் ஈரச் சுவர்களில் இன்னும் தொங்கும் படங்கள் பலவற்றிற்கு நெகட்டிவ் எங்கும் இருத்தல் அரிது. அவற்றைப் பெயரோடும் ஊரோடும் பிரதி செய்து வைப்பது வரலாறு பயிலும் மாணவர் முன்னுள்ள பணியாகும். அவை மங்கியபின் அப்பணியைச் செய்தல் இயலாது.