பேரீச்சம் பாளையும் ஆடுதுறை நெல்லும்

பள்ளிக்கூட அறிவியல் நூலில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது, "பிள்ளைகள் இதைப் படிக்கத்தான் வேண்டுமா, ஹஜ்ரத்?" என்று பாபநாசம் பகுதிப் பெற்றோர் சிலர் நம்மிடம் தயங்கிக் கேட்பதுண்டு. நம் முன்னோர் இவ்விஷயத்தை மூடி மறைக்கவில்லை என்பதே நம் மறுமொழி. மார்க்கச் சட்டங்களைக் கேட்டறிய வெட்கம் தடையாக இல்லாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியிருக்கிறார்கள்.

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மதீனாவாசிகள் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்த்து வந்தனர். இதனால் பயனிருக்கும் எனத் தாம் கருதவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறவே, அவர்கள் அதை விட்டனர், விளைச்சல் கெட்டது. அது தம் சொந்தக் கருத்தே என்றும், உலகக் காரியங்களை அவர்களே நன்கறிவர் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. ஐரோப்பாவில் தாவரங்களுக்கும் ஆண், பெண் உண்டென்பதைக் கமேராரியஸ் சோதனைகளால் நிறுவி எழுதியது 1694இல்தான்.

மனிதக் கரு பற்றிய வாதம் இன்னும் சுவையானது. குழந்தை மாதவிடாய்க் குருதியிலிருந்தே உருவாகிறது, ஆணின் விந்து அதை உறையச் செய்வதோடு சரி என்று உடற்கூற்றாளர் பலர் கூறிவந்தனர். 1449இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் (ரஹ்), ஃபத்ஹுல் பாரியில் ஹதீஸ்களைக் கொண்டு இதை மறுத்தார்கள். கலப்பான துளியிலிருந்து மனிதன் படைக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் (76:2) சொல்கிறது. பாலூட்டிகளின் கருமுட்டையை ஃபான் பேயர் கண்டறிந்தது 1827இல். இதைக் காட்டி, நவீன அறிவியல் முழுவதும் நம் நூல்களில் உண்டென்று முழங்குவது நமக்கு உடன்பாடன்று.

நம் வயலுக்கு வருவோம். நெற்பூவில் ஆறு மகரந்தப் பைகளும் சூலகமும் ஒன்றாகவே இருக்கின்றன. முற்பகலில் உமி சிறிது நேரமே விரியும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகவே கலப்பினம் வேண்டுவோர் பூ விரியுமுன் அந்த ஆறையும் நீக்கிவிட்டு வேறு நெல்லின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். 1950களில் ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் இவ்வாறு இணைக்கும் திட்டம் கட்டாக்கை மையமாகக் கொண்டு நடந்தது. தொலைதூர இனங்களாதலால் சந்ததியில் பெரும்பகுதி மலடாகிப் பதராயிற்று. தேறிய மிகச் சிலவற்றுள் ஒன்று, நோரின் 10, ஜி.இ.பி. 24 ஆகியவற்றின் வழித்தோன்றலான ஏ.டி.டி. 27. கும்பகோணத்துக்குக் கிழக்கே, 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி, 1960களின் நடுவில் அது தஞ்சைக் குறுவை வயல்களுக்கு வந்தது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு நின்றது.