போசளச் சிற்பங்களில் சிற்பியர் பெயர்: மல்லிதம்மனை முன்வைத்து

இந்தியச் சிற்பியர் தம் பெயரை வெளிப்படுத்தாதவர் என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கருநாடகத்துப் போசளர் கோயில்கள் இதற்கு மறுப்பாக நிற்கின்றன. பேளூர்ச் சென்னகேசவர் கோயிலின் (கி.பி. 1117) மதனிகைச் சிற்பங்களில் பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜன், அவர் மகன் சாவணன் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. போட்டிச் சிற்பியரை வென்றவர் என்னும் பொருள்படும் விருதுகளையும் இவர்கள் விடவில்லை. தன்னடக்கம் இவர்கள் இயல்பன்று போலும்.

இவ்வகைப் பொறிப்புகளுள் அடிக்கடி காணப்படுவது மல்லிதம்மன் என்னும் பெயராகும். கி.பி. 1196இல் எழுந்த அமிர்தபுரத்து அமிர்தேசுவரர் கோயிலிலும், 1246ஆம் ஆண்டினதான நுக்கேஹள்ளி இலட்சுமிநரசிம்மர் கோயிலிலும், 1268இல் நிறைவுற்ற சோமநாதபுரத்துக் கேசவர் கோயிலிலும் இப்பெயர் உள்ளது. இவை அனைத்தையும் ஒரே சிற்பியின் படைப்புகளாகக் கொள்வது வழக்கம். ஆயின் முதற்கோயிலுக்கும் இறுதிக்கோயிலுக்கும் இடைவெளி 72 ஆண்டுகள். அமிர்தபுரத்தில் பணியாற்றியபோது அவருக்கு அகவை இருபது எனக் கொண்டாலும், சோமநாதபுரத்தில் உளி பிடித்தபோது தொண்ணூற்றிரண்டு ஆகியிருக்க வேண்டும்.

தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதிதன்று. சங்க கால ஔவையாரையும் ஆத்திசூடி பாடிய ஔவையாரையும் ஒருவராகக் கொண்டிருந்த நிலையை மொழிநடை, யாப்பு, சொல்லாட்சி ஆகியவற்றைக் கொண்டே அறிஞர் மாற்றினர். பெயரொற்றுமை ஆசிரியர் ஒற்றுமைக்குச் சான்றாகாது என்னும் அந்நெறி கல்லுக்கும் பொருந்தும். பாட்டன் பெயரைப் பேரன் தாங்கும் வழக்கத்தையும், தலைமைச் சிற்பியின் பெயரால் பட்டறை முழுவதும் அறியப்படக்கூடும் என்பதையும் இங்குக் கருத வேண்டும். மல்லிதம்மன் என்பது ஒரு பட்டறையின் பெயராகவும் நிலைத்திருக்கலாம் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

யாப்பிற்கு ஈடாகச் சிற்பத்தில் எதனைக் கொள்வது? திருமாலின் கிரீட அடுக்குகள், மார்பணியின் முடிச்சு, தலைக்குமேல் கவியும் இலைத்தோரணம் ஆகியவை பயன்படும். போசளர் கையாண்ட மாக்கல் வகை, வெட்டியெடுத்த நிலையில் மென்மையாக இருந்து பின்னர் இறுகுவது. ஆதலின் மணிமாலையின் ஒவ்வொரு மணியிலும் உளியின் பழக்கம் பதிந்துள்ளது. திருமுகத்தினும் இத்தகைய சிற்றணிகளிலேயே கைவேறுபாடு தெளிவாகப் புலப்படும். முகம் மரபிற்குக் கட்டுப்பட்டது.

ஒப்பீட்டைத் தொடங்குதற்கு உரிய இடம் நுக்கேஹள்ளியே. அங்குத் தென்சுவர்த் திருமேனிகள் பைசோஜன் பெயரிலும் வடசுவர்த் திருமேனிகள் மல்லிதம்மன் பெயரிலும் அமைந்துள்ளன. கோயில் ஒன்று, காலம் ஒன்று, கல்லும் ஒன்று. பெயர் மட்டுமே இரண்டு. வடசுவரில் மல்லிதம்மனுக்கு உரியவையாகப் பிரித்தறியப்படும் கூறுகளை அமிர்தபுரத்திலும் சோமநாதபுரத்திலும் தேடுதல் அடுத்த பணியாகும்.