கபன் செலவும் கூட்டுப் பொறுப்பும்

மரணம் உறுதியானது, அதன் நாள் மட்டுமே மறைவானது. எனவே இறுதிச் செலவுக்கென முன்கூட்டியே பொருள் சேர்த்தல், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர் கண்ட வழியாகும். ரோமாபுரிக்கு அருகிலுள்ள லனூவியத்தில் கிடைத்த கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அடிமைகளும் இடம்பெற்ற ஓர் அடக்கச் சங்கத்தின் விதிகளைத் தருகிறது. நுழைவுக் கட்டணம் 100 செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி மதுவும்; பின்னர் மாதந்தோறும் சிறு சந்தா; இறந்தவரின் அடக்கத்துக்கு 300 செஸ்டர்ஸ். சந்தாவை நெடுநாள் நிறுத்தியவர் அவ்வுரிமையை இழப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே கவலை வேறு உருவில் தலைதூக்கியது. உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களை மருத்துவக் கல்விக்கு அளிக்க 1832ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் வழிசெய்தது. அநாதைப் பிணமாகப் போவோமோ என்னும் அச்சம் தொழிலாளரை ஆட்கொண்டது. புருடென்ஷியல் நிறுவனம் 1854இல் அவர்களுக்கான சிறு காப்பீட்டைத் தொடங்கியது. முகவர்கள் வாரந்தோறும் வீட்டு வாயிலுக்கே வந்து ஒரு பென்னி, இரண்டு பென்னி எனத் தண்டினர். கௌரவமான அடக்கம் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருளாயிற்று.

இஸ்லாம் இச்சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகியது. மையித்தைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுவித்தல், அடக்குதல் ஆகிய நான்கும் ஃபர்ளு கிஃபாயா; ஒருவரும் நிறைவேற்றாவிடின் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். ஈடு வைக்கப்பட்ட பொருள் நீங்கலாக, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் முதல் உரிமை அடக்கச் செலவுக்கே. கடனும் வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் அதன் பின்னரே. சொத்தில்லையெனில் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டோர் மீதும், அவர்களும் இல்லையெனில் பைத்துல்மால் மீதும், இறுதியாக வசதியுள்ள முஸ்லிம்கள் மீதும் பொறுப்பு விழுகிறது. அடக்கம் எளிமையானதாகவும் இருந்தது. செல்வக் குடியில் பிறந்த முஸ்அப் இப்னு உமைர் (ரலி) ஹிஜ்ரி 3இல் உஹதில் ஷஹீதானபோது, அவர் விட்டுச்சென்ற போர்வை தலையை மூடினால் காலுக்கு எட்டவில்லை. தலையைப் போர்வையாலும் கால்களை இத்கிர் புல்லாலும் மூடி அடக்கினர். ஹிஜ்ரி 8இல் முஃத்தாவில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்தளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இழவு வீடு விருந்தளிக்கும் வீடன்று. ஊரார் உணவளிக்க வேண்டிய வீடு.

எனவே வணிகக் காப்பீடு முஸ்லிம் உலகை எட்டியபோது உலமாக்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. டமாஸ்கஸின் ஹனஃபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) கடல் வணிகக் காப்பீட்டை ஆராய்ந்து, இழப்பீட்டைப் பெறுவது கூடாதென்றார். மலேசிய ஃபத்வாக் குழு 1972இல், நடைமுறையிலுள்ள ஆயுள் காப்பீட்டில் தெளிவின்மை, சூது, வட்டி ஆகிய மூன்றும் கலந்துள்ளன எனத் தீர்ப்பளித்தது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் கழகம், நிலையான தவணையுடைய வணிகக் காப்பீட்டை விலக்கியது. பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது.

அந்த மாற்று வழியே தகாஃபுல். 1979இல் சூடானில் முதல் நிறுவனம் எழுந்தது. மலேசியா 1984இல் தகாஃபுல் சட்டம் இயற்றியது. 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. உறுப்பினர் தம் சந்தாவில் ஒரு பகுதியைத் ‘தபர்ரூஃ’ எனும் நன்கொடையாகப் பொது நிதிக்கு அளிக்கிறார். எவர் இறப்பினும் அவர் குடும்பத்துக்கு அந்நிதி உதவும். நிறுவனம் நிதியின் உரிமையாளரன்று, நிர்வாகியே. இதன் எளிய வடிவம் மலாய் ஊர்களின் பள்ளிவாசல்களில் ‘கைராத் கெமாத்தியான்’ என்னும் மரண உதவி நிதியாக இருந்துவருகிறது.

தமிழ் முஸ்லிம் ஊர்களில் மையவாடியும் சந்தூக்கும் ஜமாஅத்தின் பொறுப்பில் இருப்பதும் இம்மரபின் தொடர்ச்சியே. அங்கே குடும்பத்தைக் கடனாளியாக்குவது பெரும்பாலும் கபனன்று. மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் நடக்கும் விருந்துகளே. ஃபாத்திஹா ஓதுவது பற்றிய கருத்து வேறுபாடு இங்கு நம் பொருளன்று. அவ்விருந்துக்கான செலவு எவர் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே வினா. வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருப்பின், அதன் பங்கிலிருந்து விருந்தளித்தல் ஹராம் என்பதே ஃபிக்ஹ் நூல்களின் தீர்ப்பு. அடக்கச் செலவுக்கு எவ்வளவு சேமிப்பது என்று கணக்கிடுமுன், எது அடக்கச் செலவு என்று வரையறுத்தாக வேண்டும். அவ்வரையறை தெளிந்த ஊரில், ஜமாஅத்தின் சிறு மாதச் சந்தாவே ஏழையின் கபனுக்குப் போதுமானதாகும்; அநாதையின் பங்கும் அநாதைக்கே எஞ்சும்.