வாலஸ் தயங்கிய இடம்

பேராக் பால்மரத் தோட்டங்களில் பறக்கும் ஓணானைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதற்குத் தனியாக இறக்கை கிடையாது. நீண்ட விலா எலும்புகளை விரித்து, அவற்றை மூடிய தோலில் சறுக்கிப் போகும். வௌவாலின் இறக்கைக்குள் இருப்பவை விரல் எலும்புகள். பறக்கும் லெமூருக்குக் கழுத்திலிருந்து வால்வரை வெறும் தோல். வெற்றுத் தாளில் வரைகிற எந்த இன்ஜினியரும் (நானும் ஒருத்தன்) இப்படிச் செய்யமாட்டான். கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றின வேலை இது.

கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவர் இருக்கவேண்டும், உயிர்களின் உடலும் அப்படித்தான் என்று 1802-இல் வில்லியம் பேலி வாதிட்டார். 1854-இல் சிங்கப்பூர் வந்து, மலாக்கா முதல் கிழக்குத் தீவுகள்வரை எட்டு வருஷம் சுற்றிய ஆல்ஃபிரட் வாலஸுக்கு அந்தக் கடிகாரக்காரர் தேவைப்படவில்லை. 1858-இல், டார்வினைப் போலவே, தன் வழியில் இயற்கைத் தேர்வை வந்தடைந்தார்.

அதே வாலஸ் 1869-இல் மனித மூளையிடம் வந்ததும் நின்றுவிட்டார். 'நாகரிகமற்றவர்' மூளையும் ஏறக்குறைய ஐரோப்பியர் மூளையளவுதான். அவர்கள் வாழ்க்கைக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆகவே மேலான ஓர் அறிவு வழிநடத்தியிருக்கவேண்டும் என்றார். டார்வின் தன் பிரதியின் ஓரத்தில் 'இல்லை' என்று எழுதி அழுத்தி அடிக்கோடிட்டார்.

எனக்கு உறுத்துவது அந்தத் 'தேவையில்லை'. கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று தோட்டத்தில் கேட்டார்களே, அதே குரல். வாலஸுக்காகப் பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பதப்படுத்தியவர் சரவாக்கில் அவரிடம் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர். இன்று வாலஸ் பெயர் தாங்கும் சொர்க்கப் பறவையை 1858-இல் பச்சான் தீவில் முதலில் கொண்டுவந்து காட்டியதும் அவர்தான்.